சுவரைத் தாங்குகிறவர்கள்: சமீபத்தில் படித்த ஃபேன்டசி, ஹாரர், கோஸி நாவல்கள்

ஒரு நாவல் எனக்கு ஒத்துவருமா வராதா என்பது பெரும்பாலும் முதல் ஐம்பது பக்கத்தில் தெரிந்துவிடுகிறது. டிராகன் பறக்கட்டும், பேய் உலவட்டும், சூனியக்காரி தேநீர் போடட்டும், எல்லாம் எனக்குச் சம்மதம். ஆனால் அந்தக் கோட்டையின் ஒழுகுகிற கூரையை யார் மாற்றுகிறார்கள், அந்தப் பேய்வீட்டைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது, தேநீருக்குச் சர்க்கரை வாங்கியது யார் காசு என்பதெல்லாம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர் எழுதினால் எவ்வளவு அசாத்தியமான கதையையும் நம்பிவிடுகிறேன். தெரியாதவர் எழுதினால் எத்தனை அழகான வாக்கியம் இருந்தாலும் மனம் ஒட்டுவதில்லை.

என் அப்பா திருச்சியில் பொதுப்பணித்துறை லஸ்கராக இருந்தவர். மதகு ஏற்றி இறக்குவது, கரையில் நடந்து கசிவு பார்ப்பது, வெள்ளக்காலத்தில் இரவு முழுக்க ஆற்றோரம் விழித்திருப்பது அவர் வேலை. எந்தக் கதையைத் திறந்தாலும் அதில் மதகடியில் நிற்கிற ஆள் எங்கே என்று என் கண் தேடுவது அவரிடமிருந்து வந்த பழக்கமாகத்தான் இருக்கும். சில வருடங்களாக ஆங்கிலத்தில் வரும் மாயக் கற்பனையான ஃபேன்டசி, திகிலூட்டும் ஹாரர், மனசுக்கு இதமான கோஸி நாவல்களை மாற்றி மாற்றிப் படித்துவருகிறேன். இந்த மூன்றும் கடையில் வேறு வேறு அலமாரியில் இருக்கும். நல்ல நாவல்களை மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எல்லாமே ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது: இந்தச் சுகத்துக்கு விலை கொடுத்தவர் யார்?

ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதிய 'தி டெய்ன்டட் கப்' (2024) அப்பாவை நினைத்துக்கொண்டே படித்த நாவல். ஒரு பேரரசு. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடலுக்குள்ளிருந்து மலை அளவு பெரிய விலங்குகள் கரையேற வரும். அவற்றைத் தடுப்பது கடலோரச் சுவர்கள். அந்தச் சுவர்களைக் கட்டி, ஒட்டுப்போட்டு, காவல் காப்பதற்காகவே அந்த அரசின் பாதி இயந்திரமும் ஓடுகிறது. இந்தச் சூழலில் ஒரு பெரிய குடும்பத்து மாளிகையில் ராணுவப் பொறியாளர் ஒருவர் செத்துக் கிடக்கிறார். அவர் உடலைக் கிழித்துக்கொண்டு ஒரு மரம் முளைத்து நிற்கிறது. துப்பறிய வருவது கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டே வாழும் ஆனா டோலப்ரா என்ற அதிகாரியும், அவருடைய உதவியாளன் டின் என்ற இளைஞனும். டின்னுக்கு எதைப் பார்த்தாலும் அப்படியே மனதில் பதித்துக்கொள்ளும்படி உடலை மாற்றியிருக்கிறார்கள். சின்னச் சின்னக் குப்பிகளில் வெவ்வேறு வாசனை வைத்திருப்பான். ஒவ்வொரு நினைவையும் ஒரு வாசனையோடு முடிந்துவைத்து, வேண்டும்போது முகர்ந்து எடுப்பான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க அவனுக்குச் சிரமம். அதை யாரும் அறியாமல் மறைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பணம் அனுப்ப இந்த வேலை நிலைக்க வேண்டுமே என்ற கவலையோடு நடமாடுகிறான்.

பிறகு பொறியாளர்கள் பலர் ஒரே நேரத்தில் அதே விதமாக இறக்க, கடற்சுவரில் உடைப்பு விழுகிறது. அந்தப் பக்கங்களை என்னால் வேகமாகக் கடக்க முடியவில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போனபோது திருச்சியில் இருந்தவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும். ஆர்தர் காட்டன் காலத்தில், 1836இல் கட்டிய அணை. மறுநாளிலிருந்து மணல் மூட்டையும் பாறாங்கல்லும் தலையில் சுமந்து அந்த இடைவெளியை அடைத்த ஆட்களை ஊரே போய்ப் பார்த்தது. பென்னட்டின் நாவலில் மாவீரர்கள் கிடையாது. சுவர் விரிசலை அளந்து குறிப்பெழுதுகிறவர்களும், சரக்கு வண்டி நேரத்துக்கு வரவில்லையே என்று கத்துகிறவர்களும், பதவியை வைத்துத் திருடுகிறவர்களும்தான் இருக்கிறார்கள். ஒரு ராஜ்யம் நிற்பதும் விழுவதும் இவர்கள் கையில் என்பதை ஒரு கொலைக்கதையின் விறுவிறுப்போடு சொல்ல முடிகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். 2025இல் இதற்கு, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது கொடுத்தார்கள். தகுதியான விருது.

இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். முதல் சில அத்தியாயங்களில் பதவிப் பெயர்களும் துறைப் பெயர்களும் கொட்டும். ஒவ்வொன்றையும் புரிந்துகொண்டுதான் நகர்வேன் என்று உட்கார வேண்டாம். யார் யாருக்கு மேலதிகாரி என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும், மற்றவை கதை ஓட்டத்தில் தானாக வந்து உட்காரும். நான் ஒரு பழைய டைரியை இதற்கென்றே வைத்திருக்கிறேன். புதிய உலகத்தில் நடக்கும் எந்த நாவலுக்கும் இது உதவுகிறது. கிண்டிலில் படிக்கும்போது பின்னால் போய்த் தேடுவது எரிச்சலான வேலை. தாளில் இருந்தால் ஒரு பார்வையில் முடிந்தது.

கோஸி பக்கம் வருகிறேன். இந்த வகையைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு: உலகம் அழியப் போவதில்லை, யாரும் கொடூரமாகச் சாகப் போவதில்லை, ஒரு சின்ன ஊர், ஒரு கடை அல்லது வீடு, கொஞ்சம் மந்திரம், மெதுவாக வளரும் காதல், கடைசியில் நல்லது நடக்கும். வாராந்தரிகளிலும் மாத நாவல்களிலும் குடும்பக் கதை படித்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் மனசுக்கு இதமாக ஒன்று வேண்டும் என்ற தேவை எல்லா ஊருக்கும் பொது. அந்தத் தேவையைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும்போது என்னைத் தாங்கியவை இந்தப் புத்தகங்கள்தான்.

ஆனால் இதத்தை எழுதுவது எளிதில்லை. டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022) ஏன் வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். விவ் என்ற பெண், ஓர்க் என்ற முரட்டுக் கற்பனை இனத்தவள், காசுக்குச் சண்டை போட்டே காலம் கழித்தவள், வாளைச் சுவரில் மாட்டிவிட்டுக் காபிக்கடை திறக்க வருகிறாள். அந்த ஊரில் ஒருவருக்கும் காபி என்றால் என்னவென்று தெரியாது. பழைய குதிரை லாயம் ஒன்றை வாங்குகிறாள். படகுத்துறையில் வேலை பார்க்கும் கேல் என்ற தச்சரைத் தேடிப் பிடிக்கிறாள். ஓடு மாற்றுகிறார்கள், தரையைத் தேய்க்கிறார்கள், மேசை செய்கிறார்கள், தூர ஊரிலிருந்து இயந்திரம் வரவழைக்கிறார்கள். கடை திறந்தால் ஆள் வரவில்லை. இலவசமாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பிறகு திம்பிள் என்ற எலிமுகத்துச் சமையல்காரர் வந்து பட்டைப்பொடி போட்ட ரொட்டிச் சுருளைச் சுடத் தொடங்கியதும் தெருவே வாசலில் நிற்கிறது. காபிக் கொட்டை வறுபடும் மணத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, அதனால் அந்த ஊர்க்காரர்கள் முதல் மடக்கு குடித்து முகம் மாறும் இடங்களைத் தமிழ் வாசகர்கள் இன்னும் கூடுதலாக ரசிப்பார்கள். விவ்வுக்கும், கடையில் வேலைக்குச் சேர்ந்த டான்ட்ரி என்ற பெண்ணுக்கும் இடையிலான நேசம் இந்த வேலைகளின் நடுவில்தான் வளர்கிறது. ஒருவர் அறிவிப்புப் பலகை எழுத, மற்றவர் கோப்பை கழுவ, நாவல் அவர்களைச் சேர்த்து வைத்துவிடுகிறது. காதலுக்கென்று தனிக் காட்சி அதிகம் தேவைப்படவில்லை.

சாரா பெத் டர்ஸ்டின் 'தி ஸ்பெல்ஷாப்' (2024) இதே பாதையில் இன்னொரு அடி வைக்கிறது. தலைநகரின் பெரிய நூலகம் புரட்சியில் பற்றி எரிகிறது. நூலகரான கீலா மந்திரப் புத்தகங்களைப் பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றிக்கொண்டு, தான் பிறந்த தீவுக்குத் தப்பி வருகிறாள். துணைக்குக் காஸ் என்ற பேசும் தொட்டிச்செடி. பெற்றோரின் வீடு பூட்டிக் கிடக்கிறது, சமையலறையில் ஒன்றும் இல்லை, கையில் காசில்லை. தோட்டத்தில் மண்டிக் கிடக்கும் ராஸ்பெர்ரியைப் பறித்து ஜாம் காய்ச்சி விற்கலாம் என்று முடிவெடுக்கிறாள். ஜாம் கடை என்ற பெயரில், சட்டம் தடைசெய்த மந்திரங்களை மருந்து என்று சொல்லி ஊருக்குக் கொடுக்கவும் ஆரம்பிக்கிறாள். இங்கேதான் நாவல் எனக்குப் பிடித்தது. தலைநகரம் மந்திரத்தையெல்லாம் தனக்கே வைத்துக்கொண்டதால்தான் தீவுகளில் மரம் பட்டுப்போகிறது, புயல் கட்டுக்கடங்காமல் வருகிறது. பூட்டிய அலமாரியில் இருந்தது அந்த மக்களுக்குச் சேர வேண்டியது. இனிப்பான கதைக்குள் இவ்வளவு உறுதியான நியாயம்! காதல் பகுதியில்தான் எனக்குக் குறை. பக்கத்து வீட்டு லாரன் தொடக்கம் முதல் முடிவு வரை நல்லவன், பொறுமைசாலி, உதவிக்காரன். அவனிடம் சண்டை போட ஒரு விஷயம்கூடக் கிடைக்காது. அப்படி ஒருவன் மேல் காதல் வருவதைப் படிக்கும்போது எனக்குப் பரபரப்பு எதுவும் இல்லை.

பெங்களூரில் வளர்ந்து இங்கிலாந்தில் வாழும் சங்கு மந்தன்னாவின் 'தி வெரி சீக்ரெட் சொசைட்டி ஆஃப் இர்ரெகுலர் விட்ச்சஸ்' (2022) காதலில் அந்தக் குறை இல்லாதது. இந்தியாவில் பிறந்து, அனாதையாகி, குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட மீகா மூன், சூனியக்காரிகள் தனித்தனியாகத்தான் வாழ வேண்டும் என்ற விதிக்குக் கட்டுப்பட்டு ஊர் ஊராக மாறிக்கொண்டிருக்கிறாள். மூன்று சிறுமிகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கக் கடலோர வீடு ஒன்றுக்கு வருகிறாள். அந்த வீட்டு நூலகர் ஜேமி முதலில் அவளை நம்பவே மாட்டார், குழந்தைகளைக் காப்பது அவர் பொறுப்பு, அந்நியரை எப்படி உள்ளே விடுவது என்று முறைத்துக்கொண்டே இருப்பார். அந்த முறைப்புக்கு நியாயம் இருப்பதால்தான் அது கரைவதற்கும் மதிப்பு வருகிறது. எப்போதும் சிரித்து, எல்லோருக்கும் பிடித்தமாதிரி நடந்து, எங்கும் வேர்விடாமல் போய்க்கொண்டே இருக்கும் பெண் மீகா. அப்படி வாழக் கற்றுக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். புத்தகத்தின் கடைசிப் பகுதியில் எல்லா முடிச்சும் சட்டென்று அவிழ்ந்துவிடுவது கொஞ்சம் அவசரம். ஆனாலும் இரண்டாவது முறை படிக்கத் தோன்றிய நாவல்.

ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023) 1909இல் நடக்கிறது. கேம்பிரிட்ஜ் பேராசிரியை ஒருவர் பனி மூடிய வடக்கத்திய கிராமத்துக்குப் போய்த் தேவதைகளை ஆராய்ச்சி செய்கிறார். நாட்குறிப்பு வடிவம், நிறைய அடிக்குறிப்பு. எமிலிக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது, விறகு பிளக்கவும் வராது. ஊர்க்காரர்கள் கொடுக்கும் உதவியை எப்படி ஏற்க வேண்டும் என்றும் தெரியாது. லில்யா என்ற விறகுவெட்டிப் பெண் அவளைக் காப்பாற்றுகிற இடங்கள் அருமை. இதை அச்சுப் புத்தகமாக வாங்குவது நல்லது. அடிக்குறிப்புகளில் குட்டிக் குட்டிக் கதைகள் ஒளிந்திருக்கின்றன, மின்னூலில் அவற்றைத் தொட்டுத் திறந்து மூடுவதற்குள் ஓட்டம் கெட்டுவிடும்.

கோஸி வாசிப்பில் நான் பின்பற்றுகிற சில விஷயங்கள் உண்டு. இரண்டு கோஸி நாவலை அடுத்தடுத்துப் படிப்பதில்லை. எல்லாவற்றிலும் ரொட்டிக்கடை, தோட்டம், பேசும் பிராணி என்று வருவதால் ஒன்றோடொன்று கலந்துபோகும். நடுவில் கனமான ஒன்றைப் படித்துவிட்டு வந்தால் அந்த இதம் முழுதாகக் கிடைக்கும். வாங்குவதற்கு முன் மின்னூலின் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பார்ப்பேன். அந்தக் கடைக்கு வாடகை எங்கிருந்து வருகிறது என்ற பேச்சே அதில் இல்லையென்றால் விட்டுவிடுவேன். பால்ட்ரீயே தன் நாவலைக் குரல் கொடுத்து ஒலிப்புத்தகமாக்கியிருக்கிறார். அவர் தொழிலே அதுதான் என்பதால் சமையல் செய்துகொண்டே கேட்க மிகப் பொருத்தம். வீட்டில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் தயங்காமல் பால்ட்ரீயையும் டர்ஸ்டையும் கொடுக்கலாம். மந்தன்னாவில் படுக்கையறைக் காட்சி ஒன்று உண்டு, அதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

'ஃபோர்த் விங்' (2023) வரிசையை எனக்குக் கொடுத்தது அக்கா மகள். கல்லூரி இரண்டாம் ஆண்டு. "சித்தி, இதையும் ஒருக்கா படிங்க. ஆனா ராத்திரி ஆரம்பிக்காதீங்க, தூங்க மாட்டீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. ரெபெக்கா யாரோஸுக்குக் கதையை ஓட்டத் தெரியும். டிராகன் ஓட்டப் பழக்கும் போர்ப் பள்ளி, மூட்டுகள் எளிதில் நழுவிவிடும் உடல் கொண்ட வயலட், எதிரியின் மகன் மேல் வரும் ஆசை. வயலட்டின் உடல்வலியை எழுதிய விதத்துக்காக எனக்கு யாரோஸ் மேல் மரியாதை உண்டு. அவரும் எலர்ஸ்-டான்லோஸ் என்ற இணைப்புத்திசு நோயோடு வாழ்பவர். வலியை மன உறுதியால் வென்றாள் என்று எழுதிவிடாமல், கட்டுப் போடுவது, சேணத்தில் வார் கட்டுவது, எதைச் செய்ய முடியாது என்று தெரிந்து வேறு வழி தேடுவது என்று நுணுக்கமாகக் காட்டுகிறார். மூன்றாவது பாகமான 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில் வந்து ஒரே வாரத்தில் 27 லட்சம் பிரதிகள் விற்றது. இத்தனை பேர் படிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பள்ளியில் மாணவர்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். காலையில் இறந்தவர் பெயரை வாசிக்கிறார்கள், அடுத்த பக்கத்தில் எல்லோரும் சாப்பிடப் போகிறார்கள். அந்தச் சாப்பாட்டைச் சமைத்தவருக்கு முகமில்லை, செத்த பையனின் அம்மாவுக்குக் கடிதம் யார் எழுதினார்கள் என்றும் தெரியாது. அதை அக்கா மகளிடம் சொன்னேன். "செத்தவங்களுக்கு அழ நேரமில்ல சித்தி, அது போருக்குப் பழக்குற இடம். அழாம இருக்குறதுதான் அங்க பாடமே" என்றாள். அவள் வாதத்தில் விஷயம் இருக்கிறது. முதல் பாகத்துக்கு அது பொருந்துவதாகவே எனக்கும் படுகிறது. அடுத்தடுத்த பாகங்கள் பெருத்துக்கொண்டே போகும்போது அந்த வாதம் தாங்குவதில்லை. பெரியவர்களுக்கான வெளிப்படையான காட்சிகள் நிறைய இருக்கின்றன. வரிசை இன்னும் முடியவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

ஹாரர் பற்றிப் பேசத்தான் எனக்கு அதிகம் இருக்கிறது. சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்சிகன் காத்திக்' (2020) 1950இல் நடக்கிறது. நோயெமி என்ற மெக்சிகோ நகரத்துப் பணக்காரப் பெண், கல்யாணமாகி மலைநகரம் ஒன்றுக்குப் போன ஒன்றுவிட்ட சகோதரியிடமிருந்து வந்த பயந்துபோன கடிதத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுகிறாள். அந்த வீடு இங்கிலாந்திலிருந்து வெள்ளிச் சுரங்கம் நடத்த வந்த டாயில் குடும்பத்துடையது. சுவர்த்தாளில் பூஞ்சை. சாப்பாட்டு மேசையில் யாரும் பேசக் கூடாது. இங்கிலாந்திலிருந்து மண்ணைக்கூடப் பெட்டியில் கொண்டுவந்தவர்கள் அந்தக் குடும்பத்தார். ஆங்கிலேயருக்குப் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. நோயில் செத்த உள்ளூர்ச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு மொத்தமாக ஒரு குழி.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அம்மா வழியில் எங்கள் உறவினர் பலர் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனவர்கள். நாவலின் ஊர் கற்பனை என்றாலும், மெக்சிகோவின் ஹிடால்கோ மாநிலத்தில் ரியல் டெல் மோன்டே என்ற ஊர் உண்மையாகவே இருக்கிறது. 1820களில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கக்காரர்கள் அங்கே வந்து வெள்ளி எடுத்தார்கள். அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அந்த நிறுவனத்தை 1824இல் தொடங்கியவர்களில் ஒருவர் ஜான் டெய்லர். அதே டெய்லர் குடும்பத்தின் நிறுவனம்தான் 1880இல் கோலாருக்கு வந்தது. கோலாரிலும் மேற்பார்வைக்குக் கார்ன்வால் ஆட்கள், கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. பாறை வெடித்துச் செத்தவர்கள் ஒருபுறம், கல்தூசி நுரையீரலில் படிந்து வீட்டுத் திண்ணையில் இருமி இருமிச் செத்தவர்கள் மறுபுறம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள். நோயெமி அந்த வீட்டில் மூச்சுத் திணறும்போதெல்லாம், சுவருக்குள் ஏதோ உயிரோடு இருப்பதாக அவள் உணரும்போதெல்லாம், எனக்கு நினைவில் வந்தது சின்னத் தாத்தாவின் இருமல். ஒரு பேய்க்கதை இதைச் செய்கிறதென்றால் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. நாவலின் முதல் பாதி மெதுவாகத்தான் போகும், பொறுமையோடு இருங்கள். பாலியல் அச்சுறுத்தலும், உயர்ந்த இனம் தாழ்ந்த இனம் என்று மனிதரை அளக்கும் பேச்சும் வருகின்றன.

ஸ்டீஃபன் கிரஹாம் ஜோன்ஸின் 'தி பஃபலோ ஹன்டர் ஹன்டர்' (2025) இன்னும் ஆழமாகக் குத்துகிறது. ஜோன்ஸ் அமெரிக்கப் பழங்குடிகளான பிளாக்ஃபீட் இனத்தவர். 1870 ஜனவரி 23 அன்று மொன்டானாவின் மரியாஸ் ஆற்றங்கரையில், அம்மை கண்டு கிடந்த ஒரு பிளாக்ஃபீட் முகாமை அமெரிக்கப் படை தாக்கி, 200 பேர் அளவில் கொன்றது. பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதே காலத்தில்தான் சமவெளியில் கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளைத் தோலுக்காகச் சுட்டுச் சுட்டு, நூற்றாண்டு முடிவதற்குள் சில நூறாக்கினார்கள். இந்த இரண்டு அழிவுகளையும் ஒரு ரத்தக்காட்டேரிக் கதைக்குள் கொண்டுவருகிறார் ஜோன்ஸ். 1912இல் ஒரு வயதான லூத்தரன் பாதிரியாரிடம் குட் ஸ்டாப் என்ற பிளாக்ஃபீட் மனிதன் ஞாயிறு தோறும் வந்து தன் கதையைச் சொல்கிறான். பாதிரியார் அதை எழுதிவைத்த நாட்குறிப்பு ஒரு நூற்றாண்டு கழித்துச் சுவருக்குள்ளிருந்து கிடைக்கிறது.

இதில் ஜோன்ஸ் வைத்திருக்கும் ஒரு விதிதான் முழு நாவலையும் தாங்குகிறது. காட்டேரியாகிவிட்ட குட் ஸ்டாப் யாருடைய ரத்தத்தைக் குடிக்கிறானோ மெல்ல மெல்ல அவர்களாகவே மாறிவிடுவான். வெள்ளையரைத் தொடர்ந்து குடித்தால் தாடி முளைக்கும், முகம் மாறும். தன் மக்களைப் போலவே இருக்க வேண்டுமென்றால் தன் மக்களின் ரத்தத்தைத்தான் குடிக்க வேண்டும். பழிவாங்கக் கிளம்பியவனுக்கு இதைவிடக் கொடிய சிறை எதுவும் இல்லை. குட் ஸ்டாப் பேசும் பகுதிகள் முதலில் கடினம். விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் அவன் தன் வழக்கத்தில் பெயர் சொல்வான், காட்டெருமை அவனுக்குக் கருங்கொம்பு. அந்தப் பெயர்களை டைரியில் குறித்துக்கொண்டு போங்கள், நாலைந்து அமர்வுக்குப் பிறகு டைரி தேவைப்படாது. ஒலிப்புத்தகத்தில் பாத்திரத்துக்கு ஒரு குரல் வைத்திருப்பதால், படிக்கத் திணறுகிறவர்களுக்கு அது நல்ல வழி. ஒரே மூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். நான் ஒரு வாக்குமூலம் படித்துவிட்டு அன்றைக்கு நிறுத்திக்கொண்டேன், அப்படிப் படித்ததில்தான் அது எனக்குத் தங்கியது.

கிரேடி ஹென்ட்ரிக்ஸின் 'விட்ச்கிராஃப்ட் ஃபார் வேவர்ட் கேர்ள்ஸ்' (2025) 1970இல் ஃபுளோரிடாவில் நடக்கிறது. கல்யாணமாகாமல் கர்ப்பமான சிறுமிகளைக் குடும்பங்கள் ரகசியமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் விடுதி. அங்கே அவர்களுக்குச் செடிகொடிகளின் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள், சொந்தப் பெயர் சொல்லக் கூடாது. பிள்ளை பிறந்ததும் தத்துக் கொடுத்துவிட்டு, எதுவும் நடக்காததுபோல் வீட்டுக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1970களின் தொடக்கம் வரை இப்படி உண்மையாகவே பல விடுதிகள் இருந்தன. இந்தச் சிறுமிகள் கையில் ஒரு மந்திரப் புத்தகம் கிடைக்கிறது. சூனியம் வரும் பக்கங்களில் எனக்குப் பயம் வரவில்லை. மருத்துவமனை அறையில், என்ன நடக்கப் போகிறது என்று ஒருவரும் சொல்லாமல் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைப் படுக்க வைத்துப் பிரசவம் பார்க்கும் பக்கங்களில்தான் உடல் நடுங்கியது. ஊர் என்ன பேசும் என்ற பயத்தில் ஒரு குழந்தையைக் கைவிடுவது நமக்கு அந்நியமான சங்கதியா என்ன? புத்தகம் நீளம்தான், நடுவில் தொய்கிறது. ஆனால் அந்த விடுதியில் சமையல் செய்யும் ஹேகர் என்ற கறுப்பினப் பெண்ணை ஹென்ட்ரிக்ஸ் மறக்கவில்லை. கர்ப்பமாக இருப்பவர்கள், பிரசவத்தில் கஷ்டப்பட்டவர்கள் இதை இப்போது தொட வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஹாரர் படிக்கும்போது என்னென்ன வருகிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொண்டால் சுவை கெட்டுவிடும் என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. குழந்தைக்கு ஆபத்து, விலங்கு வதை, பிரசவம் இவை மூன்றும் இருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் தொடங்குகிறேன். தயாராகப் போனால் பாதியில் தூக்கிப் போடாமல் கடைசிவரை இருக்க முடிகிறது.

கடைசியாக வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' (2023). கொழும்பைச் சேர்ந்த எழுத்தாளர், அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரப்படும் நெபுலா விருது பெற்ற நாவல். ஃபெட்டர் பிறந்த உடனேயே அவன் தாய் அவனுடைய நிழலை ஆணியடித்துப் பிய்த்தெடுத்துவிடுகிறாள். ஞானி என்று உலகம் கும்பிடும் அவன் தந்தையைக் கொல்வதற்காகவே அவனை வளர்க்கிறாள். வளர்ந்தவன் அதையெல்லாம் விட்டுவிட்டு நகரத்துக்கு ஓடிவருகிறான். புத்தர் துறந்துபோன மகனின் கதை இதன் பின்னால் நிற்பது நமக்கு உடனே புரியும். அந்த நகரத்தில் திறக்கவே முடியாத வண்ணக் கதவுகள் இருக்கின்றன. யார் எந்த இனம், எந்தச் சாதி, எந்தப் பிரிவு என்று தாள் தாளாக வகைப்படுத்தும் அலுவலகங்கள் இருக்கின்றன. துறவிகளுக்கு அதிகாரம் இருக்கிறது. அவ்வப்போது கும்பல் கிளம்பி வீடுகளைக் கொளுத்துகிறது, மறுநாள் நகரம் வழக்கம்போல் இயங்குகிறது.

ஃபெட்டர் முகாம்களுக்குள் அகப்பட்டு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருக்கும் நீண்ட பகுதி ஒன்று வருகிறது. 1983 ஜூலையையும் 2009இன் முள்வேலி முகாம்களையும் அறிந்த எந்தத் தமிழருக்கும் அது வெறும் கற்பனைத் தேசமாக இருக்க முடியாது. ஒரு சிங்கள எழுத்தாளர், யாரையும் சமாதானப்படுத்தாமல், தன் நாட்டின் பெருமிதங்கள் எதன் மேல் கட்டப்பட்டவை என்று இவ்வளவு துணிவாக எழுதியிருக்கிறார். நான் இதுவரை சொன்ன எல்லா நாவல்களிலும் இதுதான் எனக்கு முதலிடம். பிரச்சினை என்னவென்றால், கதை நேராக ஓடாது. ஒரு நூலைப் பிடித்துப் போனால் அதை விட்டுவிட்டு வேறிடத்துக்குப் போய்விடும், பின்பாதியில்தான் கதை சொல்வது யார் என்பதே தெரியவரும். அந்த இடம் வரும்வரை கையை விட்டுவிடாதீர்கள். முடித்ததும் முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள், வேறு கதையாகத் தெரியும். இவருடைய அடுத்த நாவலான 'ரேக்ஸ்ஃபால்' (2024) இதைவிடச் சிக்கலானது, பிறவி பிறவியாகத் தாவுவது. இதைப் படித்துப் பழகாமல் அதை முதலில் எடுக்க வேண்டாம்.